இடது மூக்கு, வலது மூக்கு, நடுவில் நோயாளி

சைனஸ் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் பாதி வேலையே ஆரம்பிக்கிறது. திறந்துவிட்ட பாதை வீங்கும், பொருக்குத் தட்டும், பக்கத்துச் சதையோடு ஒட்டிக்கொள்ளும்; பாலிப் இருந்தவர்களுக்கு அது திரும்ப முளைக்கவும் செய்யும். இதையெல்லாம் அடக்கத்தான் ஸ்டீராய்டு. மாத்திரையாகக் கொடுத்தால் வேலை செய்யும். கூடவே சர்க்கரை ஏறும், தூக்கம் போகும், அடிக்கடி எடுத்தால் எலும்பையும் பதம் பார்க்கும். சரி, மருந்தை மூக்குக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன? அப்படி வந்ததுதான் புரொபெல்: 370 மைக்ரோகிராம் மொமெட்டசோன் தடவிய, தானாகக் கரைந்துபோகும் ஒரு வலை. 2011-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ அனுமதி கொடுத்தது.

யோசனை நல்ல யோசனைதான். எனக்கு உறுத்துவது அதை நிரூபித்த விதம்.

2012-ல் வெளியான முக்கியமான ஆய்வில் 105 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் மருந்து வலை, மறுபக்கம் மருந்தில்லாத வலை. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு: ஒரே உடம்பு என்பதால் வயசு, அலர்ஜி எல்லாம் இரண்டு பக்கமும் சமம். எண்டோஸ்கோப் வீடியோக்களை, எந்தப் பக்கம் எது என்று தெரியாத வெளி நிபுணர்கள் பார்த்தார்கள். 30-ம் நாளில், ஒட்டியதைப் பிரித்துவிடவோ ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கவோ வேண்டிய தேவை மருந்துப் பக்கத்தில் 29% குறைவு. இதை லேசில் தள்ளிவிட முடியாது.

ஆனா ஒண்ணு கவனிங்க. இங்கே பேசியது வீடியோ. நோயாளி இல்லை. தலைபாரம் இடது பக்கத்துக்கு மட்டும் தனியாகக் குறையுமா? வாசனை திரும்பினால் அந்தப் பெருமை எந்தத் துளைக்கு? ராத்திரி நன்றாகத் தூங்கியது வலது மூக்கா? அறிகுறிகளைக் கேட்கும் எஸ்நாட்-22 கேள்வித்தாள் ஆளுக்கு ஒன்றுதான், துளைக்கு ஒன்று கிடையாது. ஆக, ஒப்பீட்டைச் சுத்தமாக்கிய அதே ஏற்பாடுதான் நோயாளிக்கு முக்கியமான கேள்வியைக் கேட்கவே முடியாமல் ஆக்கியது. வலையே வைக்காத மூக்கோடும் ஒப்பிடவில்லை. ஆய்வுக்குப் பணம் போட்டது வலையைத் தயாரித்த கம்பெனி என்பதையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம்.

இந்த வகை வலைகளால் அறிகுறி குறைகிறதா என்று தேடிய 2015 காக்ரேன் மதிப்பாய்வு, தன் நிபந்தனைக்குப் பொருந்தும் ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்று முடிந்தது.

ஆளை ஆளோடு ஒப்பிட முடியாதா என்ன? ரிச்சர்ட் ஹார்வி குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். சைனஸ் ஆபரேஷன் முடிந்தவர்கள், 44 பேர். எல்லாருக்கும் உப்புத்தண்ணீர்க் கழுவலும் உண்டு, ஸ்ப்ரேயும் உண்டு. பாதிப் பேருக்கு மொமெட்டசோன் கழுவலில், மீதிப் பேருக்கு ஸ்ப்ரேயில். எதில் மருந்து என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு வருஷம் கழித்து இரண்டு குழுவும் தேறியிருந்தன. மூக்கடைப்பு மட்டும் கழுவலில் மருந்து எடுத்தவர்களுக்கு அதிகம் குறைந்திருந்தது. சிடி ஸ்கேனும் அதற்கு ஒத்துப்போனது. சின்னக் கணக்குதான். ஆனால் மூக்கடைப்பு குறைந்ததென்று சொன்னது அந்த மூக்குக்காரர்கள்.