திறந்த உரிமம், மூடிய கேட்

ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளி. 'எங்கள் ஊர்த் தொழில்' என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் செய்திருந்த செயல்திட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். சார்ட்டில் ரோபோக் கைகள் கார் உடலைப் பற்றவைக்கின்றன. படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர், விக்கிமீடியா காமன்ஸ், உரிமத்தின் பெயர் எல்லாம் ஒழுங்காக இருந்தன. டீச்சர் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். படம் மட்டும் ஜெர்மனிப் படம்.

"நம்ம ஊர்ப் படம் கிடைக்கலயா?" என்றேன்.

"ஸ்ரீபெரும்புதூர்னு தேடுனா கோயிலும் ராஜீவ் காந்தி நினைவிடமும் வருது சார். எங்கம்மா வேலை செய்ற எடம் வரல" என்றாள் ஒரு பெண்.

இந்த 'வரல' என்பதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டம். வகுப்பில் பாடம் நடத்துவதன் பகுதியாக ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பதை 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(i) பிரிவு குற்றமாகக் கருதுவதில்லை. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடைமீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் வழக்குப் போட்டபோது, 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவை விரிவாகவே வாசித்தது. ஆக, வகுப்புச் சுவருக்குள் பெரிய சிக்கல் இல்லை. அதே சார்ட் சிறு வெளியீடாகவோ இணையத்திலோ ஊருக்குள் போகும்போதுதான் திறந்த உரிமம் தேவைப்படுகிறது. 2002-இல் வந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள், 'என் பெயரைச் சொல், எடுத்துக்கொள்' என்று முன்கூட்டியே அனுமதி தந்துவிடுகின்றன. காசில்லாத பள்ளிக்கு இது சின்ன விஷயமில்லை. இதைக் கேலி செய்கிற அறிவுஜீவிகளோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் இந்த உரிமம் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை? ஆசிரியன் செத்துவிட்டான் என்று ரோலான் பார்த் 1967-இல் அறிவித்ததை வைத்து நாம் நிறையவே பேசித் தீர்த்திருக்கிறோம். இங்கே ஆசிரியன் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் உயிரோடு இருக்கிறான். உரிமத்துக்குத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: படைத்தவர், பயன்படுத்துபவர். படத்துக்குள்ளே நிற்கிற மூன்றாவது ஆள் அதன் கணக்கில் இல்லை. படத்துக்குள் வரவே விடப்படாத நான்காவது ஆளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்தப் பெண்ணின் அம்மா செல்போன் பாகங்கள் பொருத்துகிறவர். கேட்டில் தன்னுடைய செல்போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கேமரா உள்ளே போக முடியாத இடத்தின் படம் பொதுவில் எப்படி வரும்? உள்ளே போக அழைக்கப்படுவது அரசாங்கக் கேமரா. பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் படங்கள், 2017-இல் வந்த அரசுத் திறந்த தரவு உரிமத்தின் பெயரில் காமன்ஸில் குவிகின்றன. அவற்றில் அமைச்சர்கள் கொடியசைக்கிறார்கள், ரிப்பன் வெட்டுகிறார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போக, மற்றவர்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. இவற்றுக்குப் படங்கள் இல்லாமலில்லை. செய்தி நிறுவனங்களிடம் விலைக்கு இருக்கின்றன, தொழிலாளர்களின் வாட்ஸ்அப்பில் உரிமம் ஏதுமின்றிக் கிடக்கின்றன. திறப்பு விழா இலவசம், வேலைநிறுத்தம் விலைக்கு. பொதுவெளி என்று நாம் கொண்டாடுவதும் வெளியே உள்ள அதிகாரத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறது.

இந்த ஊர்க்காரர்தான் ராமாநுஜர். ரகசிய மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் சொன்னார் என்பது மரபுக் கதை. மந்திரம் திறந்தது சரி. ஆனால் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்தைச் சட்ட உரிமையாக்க 1947 வரை ஆயிற்று. காதுக்குத் திறப்பது ஒன்று, காலுக்குத் திறப்பது வேறு.

அப்படியானால் பிள்ளைகளே அம்மாவைப் படமெடுத்துத் திறந்த உரிமத்தில் போட்டுவிடலாமே என்றார் நண்பர் ஒருவர். இங்கேதான் நிதானம் வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. அது எடுத்தவரின் பதிப்புரிமையை மட்டும் பேசுகிறது. எடுக்கப்பட்டவரின் சம்மதம் தனி விஷயம். ஒப்பந்தத் தொழிலாளியின் முகம் உலகத்துக்கே திறந்து கிடந்தால், நாளைக்கு வேலை போனால் எந்த உரிமம் வந்து நிற்கும்?

டீச்சரும் நானும் பேசி, வரையச் சொன்னோம். அந்தப் பெண் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த அம்மாவிடம் கேட்டுக் கேட்டு வரைந்தாள்: நீண்ட மேசை, வரிசையாக உறை போட்ட கைகள், சுவரில் கடிகாரம். முகம் வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். படத்தின் கீழே இப்போது இப்படி இருக்கிறது: 'வரைந்தது நான். சொன்னவர் பேர் போட வேண்டாம் என்றார். யாரும் எடுத்துக்கொள்ளலாம்.' பெயர் சொல்வது என்ற விதிக்கு இதைவிட நேர்மையான உரை நான் படித்ததில்லை.

இதை வாசிக்கிற தோழர்களில் பலர் அந்த நெடுஞ்சாலையிலும் அந்தப் பந்தலிலும் படமெடுத்தவர்கள். அவை உங்கள் செல்போனிலேயே சாக வேண்டியதில்லை. படத்தில் இருப்பவர்களிடம் திரும்பப் போய்க் காட்டுங்கள், கேளுங்கள். அவர்கள் சரி என்பதைப் பொதுவில் வையுங்கள், வேண்டாம் என்பதை அழித்துவிடுங்கள். அடுத்த வருஷம் அந்தப் பள்ளியில் தேடும்போது ஒன்றிரண்டாவது 'வரட்டும்'.