முத்திரையில்லாத பாட்டுகள்

வடசென்னையில் ஒருவர் இறந்துவிட்டால், தெருவில் சாமியானா போட்டு, நாற்காலிகளை வரிசையாக இட்டு, சடலம் வீட்டில் கிடக்கும் அந்த ஓரிரவு முழுவதும் டோலக்கும் ஆர்மோனியமும் தாளமும் துணையாக, மாண்டவருடைய பெயரையும் தொழிலையும் பெற்ற பிள்ளைகளையும் பாட்டில் இழைத்துப் பாடுகிற மரண கானா என்னும் வழக்கத்தைக் கலையென்று ஒப்புக்கொள்ளவே இந்நகரத்தின் கற்றோருக்கு நெடுங்காலம் பிடித்தது. ஒப்புக்கொண்ட பிறகு செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு; அதுதான் திறனாய்வு. மறைந்துபோன கலைஞர்களை நினைவுகூரும் முறைகளைப் பற்றிச் சிந்திக்கிறவர்கள் முதலில் இந்த வழக்கத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மாண்டவரை மறவாதிருத்தலையே தொழிலாகக் கொண்ட ஒரு கலை, தன்னை ஆக்கி வளர்த்தவர்களை எப்படி மறந்தது என்ற கேள்வி அதற்குள்ளேயே கிடக்கிறது.

இதன் சிறப்புகளுள் தலையாயது, பாட்டுப் பெறுகிறவரிடம் அது எந்தத் தகுதியையும் கேட்பதில்லை என்பது. பழம் புலவர்கள் இறந்தவருக்கு இரங்கிப் பாடிய கையறுநிலைப் பாட்டுகள் பெரும்பாலும் மன்னனுக்கும் வள்ளலுக்கும் உரியவை. மரண கானா பாடுகிறவரோ துறைமுகத்தில் மூட்டை சுமந்தவருக்கும், காசிமேட்டில் மீன் கூடை தூக்கிய மூதாட்டிக்கும், ரிக்‌ஷா மிதித்தவருக்கும் ஒரே கண்ணியத்தோடு பாடுகிறார். இழவு வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் உறவினரிடம் நாலு விஷயங்களை விசாரித்துக்கொண்டு, மனப்பாடமாக உள்ள மெட்டுகளிலும் அடிகளிலும் அவற்றைப் பொருத்தி, அந்த வீட்டுக்கு மட்டுமே உரிய பாட்டாகச் சிறிது நேரத்தில் ஆக்கிவிடுகிற சாமர்த்தியம், ஆசுகவி என்று நாம் ஏட்டில் போற்றும் திறமைக்குச் சற்றும் குறைந்ததன்று. துக்கப்பட்டவர்களைத் தனியே விட்டுவிடாமல் ஒரு தெருவே விடிய விடிய விழித்திருப்பதற்கு இந்தப் பாட்டு ஒரு நிமித்தமாகிறது; அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வரும் அந்த இரவைக் கூடத்தில் உட்கார்ந்து கேட்கும் கச்சேரிகளை அளக்கிற கோலால் அளக்க முடியாது.

குற்றங்களும் இல்லாமலில்லை. இறந்தவரெல்லாம் உத்தமர் என்றாகிவிடும் புகழ்ச்சி, எல்லா இரங்கற்பாக்களுக்கும் பொதுவான பலவீனம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கத்தியெடுத்து மாண்ட இளைஞனை வீரனாக்கிப் பாடும் போக்கை அவ்வாறு பொறுக்க முடியாது. அதைக் கேட்டு வளரும் சிறுவர்களை உத்தேசித்தாவது கண்டிக்க வேண்டும். ஒப்பாரி வைப்பது பெண்களுக்குரியது என்று விட்டுவிட்டு, தாளத்தோடு பாடும் உரிமையை ஆண்களே வைத்துக்கொண்டதும் பெரிய குறை. வடசென்னைப் பாடகி இசைவாணி கானா பாடி, 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றது அவருக்குப் பெருமை. அதுவரை ஒரு பெண் கானா பாடுவதே அதிசயமாக எண்ணப்பட்டது இந்தக் கலைக்குப் பெருமையன்று.

இவை யாவற்றினும் ஆழமான குறையொன்று, பாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. அது விளங்குவதற்கு அருகிலுள்ள திருவொற்றியூருக்குப் போக வேண்டும். நிலையாமையைப் பாடிய பட்டினத்தாரின் சமாதி உள்ள அவ்வூர்த் திரிபுரசுந்தரியின்மேல் தியாகராஜ சுவாமிகள் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். கீர்த்தனையின் முடிவில் இயற்றியவர் தம் பெயரை முத்திரையாக வைத்துவிடுவதால், பாட்டு எங்கே போனாலும் அதன் கர்த்தாவும் கூடவே போகிறார். போதாக்குறைக்கு, அவருடைய சீடர் வீணை குப்பையரின் வழியில் வந்த திருவொற்றியூர் தியாகய்யர், 1900-இல் ‘பல்லவி ஸ்வர கல்பவல்லி’யை அச்சிட்டு, உருப்படிகளை ஏட்டிலும் நிலைநிறுத்தினார். மரண கானாவிலோ முத்திரை ஸ்தானத்தில் நிற்பது இறந்தவரின் பெயர். ஆக்கியவர் தம்மை முழுவதும் விலக்கிக்கொண்டு, வேறொருவர் பெயரை அந்த இடத்தில் இருத்துகிறார். தன் பெயரை விட்டுக்கொடுப்பதில் உள்ள தர்மம் எனக்குப் பெரிதாகவே தோன்றுகிறது. ஆனால் அதன் பலன் என்ன? சடலம் எடுத்ததும் அந்தப் பாட்டின் வேலை முடிகிறது. மெட்டும் நல்ல அடிகளும் மட்டும் அடுத்த இழவுக்குப் போகின்றன, யாருடையவை என்ற அடையாளமின்றி. முந்திய தலைமுறைகளில் மலிவான தாளில் அச்சாகித் தெருவில் விற்ற குஜிலிப் புத்தகங்களிலாவது பாடியவர் பெயர் முகப்பில் இருந்தது.

பிறகு கானாவைக் கொண்டாட வந்தவர்கள் இக்குறையைத் தீர்த்தார்களா? தொண்ணூறுகளில் இசையமைப்பாளர் தேவாவின் இசையால் கானா திரையில் பிரசித்தமாயிற்று. 2006-இல் ‘சித்திரம் பேசுதடி’ மூலம் கானா உலகநாதனும், 2012-இல் ‘அட்டகத்தி’ மூலம் கானா பாலாவும் தமிழ்நாடறிந்த பெயர்களானார்கள். 2015-இல் ‘அநேகன்’ படத்தில் பாடிய மரண கானா விஜி இவ்வழக்கத்தின் பெயரையே தம் பெயரோடு கொண்டுவந்தார். 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு மேடையேறியதும், 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியதும் மிகுந்த மதிப்புக்குரிய காரியங்கள், சபாக்களுக்கே சொந்தமென்று கருதப்பட்ட மாதத்தில் இவர்கள் ஓர் ஆசனத்தை உரிமையோடு எடுத்துக்கொண்டார்கள். எனினும், மேடையின் வெளிச்சம் பாடுகிறவர்மேல் விழுகிறது. அவர் யாரிடம் கேட்டுக் கற்றார், அந்த மெட்டை முதலில் கட்டியவர் யார் என்பது பெரும்பாலும் மேடையில் சொல்லப்படுவதில்லை. துக்க வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்த பாட்டு, இறந்தவர் பெயரையும் இழந்து, ஆக்கியவர் பெயரையும் அடையாமல் அநாதையாகிறது.

இந்த இழப்பு இன்னும் கொடுமையாகத் தெரியும் இடம் எண்ணூர் நெட்டுக்குப்பம். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் பக்கத்தில், அனல்மின் நிலையங்களும் துறைமுகமும் சூழ்ந்து நிற்கும் மீனவ ஊர் அது. 2017-இல் கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ எண்ணூரைப் படமாக்கியது; கபேர் வாசுகி எழுதிய பேச்சுத்தமிழ் வரிகளை ராகமாலிகையில் கேட்ட பலர், எண்ணூர்க் கழிமுகம் என்ற ஒன்று உண்டென்பதையே அப்போதுதான் அறிந்தார்கள். நல்ல காரியம், அதன் உண்மையான பரிவை யாரும் மறுக்க முடியாது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், ஆற்றிலும் படகுகளிலும் வலைகளிலும் படிந்தபோது நகரம் மீண்டும் திரும்பிப் பார்த்தது. அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் இந்த எண்ணெய்க்கும் சாட்சி தேடி வந்தவர்களுள் அம்பாப் பாட்டைத் தேடி வந்தவர்கள் எத்தனை பேர்? பலர் கூடிக் கரைவலை இழுக்கையிலும் துடுப்பு வலிக்கையிலும் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் ஏற்றுப் பாடும் அந்த அம்பா, இக்கடற்கரை முழுவதும் இருந்த வழக்கம். ஃபைபர் படகும் எஞ்சினும் வந்தபின் துடுப்பும் ஓய்ந்தது, பாட்டும் ஓய்ந்தது. அடியெடுத்துக் கொடுத்த அந்தத் தலைப்பாட்டுக்காரர்களை ஒருவரும் கலைஞர் என்று அழைத்ததில்லை. ஆகையால் அவர்கள் மறைந்தபோது ஒரு கலை மறைந்ததாகவும் எவரும் கருதவில்லை.

சிலையும் விருதும் இதற்குப் பரிகாரமாகா. குறுந்தொகையைத் தொகுத்தவர்கள், பாடியவர் பெயர் கிடைக்காதபோது பாட்டைத் தள்ளிவிடவில்லை. அவர் ஆண்ட அருமையான தொடரையே பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் வழங்கினார்கள். அதே யுக்தி வடசென்னைக்கும் பொருந்தும். கானா மேடையில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், கற்பித்தவர் பெயரையும் தெருவையும் சொல்வது நியமமாக வேண்டும். பெயர் போய்விட்டதென்றால் அவருடைய ஓர் அடியால் அவரை அழைக்கலாம். பதினாறாம் நாள் படத்திறப்புக்குப் பாட வருகிறவர்கள், அந்த ஒருநாளாவது தங்களுக்கு முன் பாடி மறைந்தவர்களை முதற்பாட்டில் வரிசையாகப் பாடிவிட்டுத் தொடங்கலாம். நெட்டுக்குப்பத்திலும் அதையடுத்த குப்பங்களிலும் கரைவலை இழுத்த கைகளோடு இன்னும் இருக்கிற முதியவர்களிடம், ஒலிப்பதிவுக் கருவியோடு போய், பாட்டைக் கேட்பதற்கு முன்பாக, அதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாரென்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்; அதற்கு மானியமோ மண்டபமோ அவசியமில்லை, ஆனால் காலதாமதம் கூடாது.