விஞ்ஞானமும் இயற்கைக் காரணங்களும்: ஒரு விமரிசன நோக்கு

விஞ்ஞானம் இயற்கைக் காரணங்களை மட்டுமே கருத்திற் கொள்ளும் என்னும் கூற்று, இன்று அதன் வரைவிலக்கணங்களுள் ஒன்றாகவே வழங்கிவருகின்றது. இயற்கை கடந்த பொருள் உண்டா இல்லையா என்பது பற்றி விஞ்ஞானம் தீர்ப்புக் கூறுவதில்லை. ஆயின் ஆய்வுகூடத்தினுள் அதனை அனுமதிப்பதுமில்லை என்பதே இக்கூற்றின் சாரம். மெய்யியலார் இதனை முறையியல் இயற்கைவாதம் என்பர். இந்நிலைப்பாடு நடைமுறையிற் பெரும்பயன் விளைத்துள்ளது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது விஞ்ஞானத்தின் வாயிலில் வைக்கப்பட்ட விதியா, அன்றி விஞ்ஞானம் தன் அனுபவத்தாற் பெற்ற முடிபா என்பது ஆராயப்படவேண்டிய வினாவாகும்.

அதனை விதியாகக் கொள்ளும் கருத்து ஐக்கிய அமெரிக்காவின் நீதிமன்றங்களில் இருமுறை ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆர்க்கன்சா மாநிலம் 1981இல் இயற்றிய சட்டமொன்று, பொதுப் பாடசாலைகளிற் கூர்ப்புக் கொள்கைக்கும் ‘படைப்பு விஞ்ஞானம்’ எனப்பட்டதற்கும் சமமான இடமளிக்க வேண்டும் என விதித்தது. 1982 சனவரியில் அச்சட்டத்தை நிராகரித்த நீதிபதி வில்லியம் ஓவர்டன், விஞ்ஞானத்தின் இன்றியமையாப் பண்புகள் ஐந்தினைக் குறிப்பிட்டார். இயற்கை விதியால் வழிநடத்தப்படுதல், இயற்கை விதிகொண்டு விளக்குதல் என்பன அவற்றுள் முதலிரண்டு. 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில் நீதிபதி ஜோன் ஜோன்சும், ‘நுண்ணறிவு வடிவமைப்பு’ இயற்கை கடந்த காரணத்தை அனுமதிப்பதால் விஞ்ஞானமாகாது எனக் கூறினார்.

பாடசாலைகளிற் சமயக் கோட்பாட்டை விஞ்ஞானமெனப் புகுத்துவதைத் தடுத்த அளவில் இத்தீர்ப்புகள் வரவேற்கத்தக்கவை. எனினும் அவற்றிற் கையாளப்பட்ட நியாயம் வலுவானதா? ஆர்க்கன்சாத் தீர்ப்பு வெளிவந்த ஆண்டிலேயே மெய்யியலாளர் லறி லோடன் அதனைக் கண்டித்து எழுதினார். அவர் படைப்புவாதத்தின் ஆதரவாளர் அல்லர். புவியின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே, உலகு முழுவதையும் ஒரு பிரளயம் மூடியது என்பன போன்ற படைப்புவாதக் கூற்றுகள் பரிசோதிக்கத்தக்கவை, பரிசோதிக்கப்பட்டவை, பொய்யெனக் காணப்பட்டவை என்பதே அவர் வாதம். அவ்வாறிருக்க, அவை பரிசோதனைக்கு அப்பாற்பட்டவை என்பது அவற்றுக்குப் புகலிடம் அளிப்பதாகவே முடியும்.

விஞ்ஞான வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. கோள்களும் வால்வெள்ளிகளும் ஒன்றையொன்று ஈர்ப்பதால் விளையும் ஒழுங்கீனங்கள் காலப்போக்கிற் பெருகும் எனவும், அப்போது இத்தொகுதிக்குச் சீரமைப்புத் தேவைப்படும் எனவும் நியூற்றன் தம் ஒளியியல் நூலிற் கருதினார். அச்சீரமைப்பு இறைவன் செயலெனக் கொள்ளப்பட்டது. 1715இல் லைப்னிற்ஸ் இதனை எள்ளினார்: தான் செய்த கடிகாரத்தை அவ்வப்போது திருத்தவேண்டிய கைவினைஞனாக இறைவனை நியூற்றன் ஆக்கிவிட்டார் என்பது அவர் குற்றச்சாட்டு. இது இறையியல் சார்ந்த மறுப்பே. இதனால் வானியல் ஓரடியும் முன்னேறவில்லை. வியாழனின் வேகம் கூடியும் சனியின் வேகம் குறைந்தும் வருவதாகத் தோன்றிய ஒழுங்கீனம், ஏறத்தாழ 900 ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் நிகழும் ஓர் அலைவே என்பதை ஈர்ப்பு விதியைக்கொண்டே 1785இல் லாப்பிளாஸ் கணித்துக் காட்டினார். இறைவனின் தலையீடு வானியலிலிருந்து விலகியமைக்கு எந்த விதியும் காரணமன்று. இத்தகைய கணிப்புகளே காரணம்.

இயற்கை கடந்ததெனக் கருதப்படும் செயலையும் அதன் விளைவுகள் வாயிலாக ஆராயலாம். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இதயச் சத்திரசிகிச்சை பெற்ற 1,802 நோயாளர் மூன்று குழுக்களாக வகுக்கப்பட்டனர். தமக்காகப் பிறர் பிரார்த்திக்கின்றனரா என அறியாதிருந்த இரு குழுக்களுள், பிரார்த்திக்கப்பட்டோரில் 52 வீதத்தினருக்கும் மற்றையோரில் 51 வீதத்தினருக்கும் சிக்கல்கள் நேர்ந்தன. தமக்காகப் பிரார்த்திக்கப்படுவதை உறுதியாக அறிந்த மூன்றாம் குழுவில் அது 59 வீதமாயிற்று. வினா எழுப்பப்பட்டது, விடையும் கிடைத்தது. எந்த வரைவிலக்கணமும் இடையிற் குறுக்கிடவில்லை.

இறைவன் பரிசோதனைக்கு இணங்கமாட்டான் என ஒருவர் கூறலாம். எந்த விளைவு நேரினும் அதற்கு இசைந்துபோகும் கருதுகோள் எதனையும் விளக்குவதில்லை என்பதே அதற்கு விடை. இக்குறை இயற்கை கடந்தவற்றுக்கு மட்டும் உரியதன்று. இயற்கைக் காரணமொன்றைக் கூறும் கருதுகோளும் இவ்வாறு நழுவுமாயின் அதுவும் தள்ளப்படவேண்டியதே. ஆகவே விளக்கமொன்றை ஏற்பதற்கான அளவுகோல், அது எதனை எதிர்பார்க்கச் சொல்கின்றது, எது நேர்ந்தாற் பிழையாகும் என்பதேயாம். அவ்வளவுகோலுக்கு அகப்படாத இறைநம்பிக்கை குறித்து விஞ்ஞானம் மெளனம் சாதிப்பது முறையே.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. படைப்புவாதம் விதியால் விலக்கப்பட்டது எனக் கேட்கும் மாணவன், விதி வேறாயிருந்தால் அது வென்றிருக்கும் என எண்ண இடமுண்டு. பாறைகளும் உயிர்ச்சுவடுகளும் அதற்கு எதிராகச் சான்று பகர்ந்தன என்பதை அறிந்தவனுக்கு அம்மயக்கம் நேராது. இயற்கைக் காரணங்களைத் தேடும் வழக்கத்தை விஞ்ஞானம் கைவிட வேண்டியதில்லை. அவ்வழக்கம் நூற்றாண்டுகளாகப் பலனளித்து வந்துள்ளது. ஆனால் அப்பலனே அதற்குரிய நியாயம். விரிவுரை மண்டபங்களில் முதலிற் கற்பிக்கப்படவேண்டியதும் அதுவே.