ஆண்டின் சிறந்த பாடல்களும் மலையகத்துச் செவியும்: ராகலையை முன்வைத்து ஒரு நோக்கு

ஓர் ஆண்டு முடியும் வேளையில், அவ்வாண்டில் வெளிவந்த இசைத்தொகுதிகளுள் சிறந்தவை எவையெனத் தெரிந்தெடுத்து வரிசைப்படுத்தி, அவ்வரிசையை ஏனையோருடன் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. இதனை மேலைநாட்டு இசைச் சஞ்சிகைகளின் கொடையெனக் கருதுவோர் உளர். ஆயின் தெற்காசியாவில் மிகப் பரந்த நேயர் கூட்டம் ஆண்டிறுதியில் காத்திருந்து கேட்ட பாடல் வரிசை கொழும்பிலிருந்தே ஒலிபரப்பாயிற்று என்பது மனங்கொளத்தக்கது. 1952 ஆம் ஆண்டு இந்தியத் தகவல், ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல் இரசனையைக் கெடுக்கும் எனக் கருதி அதனை அகில இந்திய வானொலியிலிருந்து விலக்க முற்பட்டார். 1950 ஆம் ஆண்டு தொடங்கியிருந்த இலங்கை வானொலியின் வர்த்தக சேவைக்கு இது பெரும் வாய்ப்பாயிற்று. அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்து கொழும்புக்கு அனுப்பிய ‘பினாக்கா கீத்மாலா’ என்னும் இந்திப் பாடல் நிகழ்ச்சி 1952 ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி, மூன்று தசாப்தங்களுக்கு மேலாக அவ்வானொலியில் நிலைபெற்றது. ஒரு பற்பசையின் விளம்பரத்துக்காகப் பிறந்த நிகழ்ச்சி, ஆண்டின் முதற் பாடல் எதுவென்று தீர்ப்புக் கூறும் மன்றமாக மாறியமை வர்த்தகத்தின் விசித்திரங்களுள் ஒன்று.

அத்தீர்ப்பு எவ்வாறு பெறப்பட்டது என்பதே இங்கு முக்கியமானது. கடைகளில் விற்பனையான இசைத்தட்டுக்களின் கணக்கும், வானொலி நேயர் கழகங்கள் எழுதியனுப்பிய கருத்துக்களும் அவ்வரிசைக்கு ஆதாரமாயின. விற்பனைக் கணக்கைப் பொறுத்தவரை, வாங்குபவன் இரசிகன். வாங்கும் ஆற்றல் அற்றவன் செவியற்றவன். ஒலிபரப்பு நிலையத்துக்குக் கிழக்கே மலைகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளரின் விருப்பம் இந்த அளவுகோலால் ஒருபோதும் அளக்கப்பட்டிருக்க முடியாது. நிகழ்ச்சியின் மொழி இந்தி என்பதை ஒதுக்கிவிட்டு, அதே முறை தமிழ்ப் பாடலுக்குக் கையாளப்பட்டிருப்பினும் நிலைமை வேறாக இருந்திராது. நாட்கூலியில் அரிசியும் மாவும் கழிந்தபின் இசைத்தட்டு வாங்குதற்கு லயத்தில் எவரிடமும் பணம் மிஞ்சியதில்லை.

நுவரெலியாவுக்கு அப்பால், கந்தப்பளையைக் கடந்து உடப்புசல்லாவைக்குச் செல்லும் வழியில் அமைந்த ராகலையை இவ்வகையில் ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நானுஓயாவிலிருந்து ராகலை வரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறுகிய இருப்புப்பாதை ஒன்று போடப்பட்டது. தேயிலையை இறக்குவதற்கும் அரிசியையும் உரத்தையும் ஏற்றுவதற்கும் அமைந்த அப்பாதை நாற்பதுகளில் கைவிடப்பட்டது. பாட்டு வந்த வழிகள் வேறு. அவற்றுள் முதலாவது, பாட்டுப் புத்தகம். சில பக்கங்களில் மலிவுத் தாளில் அச்சிட்டு, தோட்டங்களிலும் கடைவீதிகளிலும் தாமே பாடி விற்ற பாடகர் மரபொன்று மலையகத்தில் இருந்தது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளரின் நிலையைப் பாடல்களாக்கி 1940 ஆம் ஆண்டு நூலுருவில் வெளியிட்டார். கூட்டங்களிலே தாமே பாடவும் செய்தார். கோவிந்தசாமித் தேவர், பெரியாம்பிள்ளை, ஜில் சுல்தான் போன்றோர் இம்மரபிற் குறிப்பிடத்தக்கவர். இவர்தம் பாடல்களிற் பல, மக்கள் நன்கறிந்த மெட்டுக்களிலே அமைந்தவை.

இவ்விடத்து இலக்கிய விமரிசகர் சிலர் காட்டிய அலட்சியம் கண்டிக்கத்தக்கது. பிறர் மெட்டில் எழுதப்பட்டது என்ற ஒரே காரணத்தால் அப்பாடல்கள் போலி எனத் தள்ளப்பட்டன. உண்மையில் இது ஒரு கேட்டல் முறையாகும். புதிய மெட்டொன்று மலைக்கு வந்ததும், அது தன் துயரத்தைத் தாங்குமா என்று அப்பாடகன் சோதித்துப் பார்த்தான். துண்டு விழுந்த சம்பளமும் பற்றுச்சீட்டும் கங்காணியின் கடனும் அதிலே பொருந்தினால் மெட்டு தேறியது; பொருந்தாவிடின் கைவிடப்பட்டது. புதிய இசையைக் கண்டுகொள்ளுதற்கு இதனிலும் கடுமையான தேர்வு வேறுளதோ என்பது ஐயம்.

இரண்டாவது வழி வானொலி. மின்சாரம் எட்டாத லயங்களுக்குள்ளும் திரான்சிஸ்டர் நுழைந்தபோது இசை முதன்முறையாகக் கூலியின் அளவுக்குக் கட்டுப்படாத பொருளாயிற்று. வலுவிழந்த பற்றரிகளை வெயிலிற் காயவைத்து மீண்டும் பயன்படுத்துதல் அக்கால வழக்கம்; பனிமூட்டம் மிகுந்த ராகலைப் பகுதியில் வெயிலும் எண்ணித்தான் கிடைத்திருக்கும். இஸ்தோப்பில் வைக்கப்பட்ட ஒரு பெட்டி ஒரு வரிசை லயத்துக்கே போதுமானதாயிருந்தது. எஸ். பி. மயில்வாகனம் முதல் பி. எச். அப்துல் ஹமீத், கே. எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம் வரையிலான ஒலிபரப்பாளரின் குரல்கள் மலையகத்துக்கும் கடல் கடந்த தமிழகத்துக்கும் ஒருங்கே சென்றன.

நேயர் விருப்ப நிகழ்ச்சிகளைப் பற்றி ஏளனமாகப் பேசுதல் கற்றோரிடையே வழக்கம். பாட்டு மூன்று நிமிடம், பெயர்ப்பட்டியல் நான்கு நிமிடம் என்பது அவர் கூறும் குறை. அப்பெயர்ப்பட்டியலை மலையகத்தின் வரலாற்றோடு பொருத்தி நோக்கினால் வேறொன்று புலப்படும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவரை எண்களாகப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவதற்கு. வாக்காளர் இடாப்பில் பெயரில்லாத ஒருவரின் பெயர், அவர் தோட்டத்தின் பெயரோடு, அரச வானொலியில் உரத்து வாசிக்கப்பட்டது. அவர் கேட்ட பாடலும் ஒலித்தது. அவரது விருப்பத்தை எவரேனும் வினவி நிறைவேற்றிய இடம் அக்காலத்தில் அதனைத் தவிர எத்தனை இருந்திருக்கும்? தபாலட்டை அனுப்பியோர் இவ்வாறெல்லாம் எண்ணி அனுப்பினர் என்பதன்று. ஆயினும் பெயர்களைக் கேட்பதற்காகவே வானொலியருகே கூடியிருந்தோரின் ஆவலை இசை அறியாமை என ஒதுக்குதல் தவறு.

அந்நிகழ்ச்சிகளின் குறை வேறிடத்தில் உள்ளது. கேட்கப்படுவது ஏற்கெனவே கேட்ட பாடலாகவே இருக்க வேண்டும். அறியாததை எவரும் விரும்பிக் கேட்க இயலாது. எனவே விருப்ப நிகழ்ச்சி பழையதை உறுதிப்படுத்தியது. புதியதைக் கொணரும் பொறுப்பு ஒலிபரப்பாளரின் தெரிவிலேயே தங்கியிருந்தது. அவரது களஞ்சியமோ பெரும்பாலும் சென்னைத் திரையிசைத்தட்டுக்களால் நிரம்பியது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப்பிசையும், எஸ். கே. பரராஜசிங்கம் முதலியோர் பாடிய ஈழத்து மெல்லிசையும் இடையிடையே இடம்பெற்றன. தோட்டத்தில் பிறந்த பாட்டு ‘நாட்டார் பாடல்’ என்னும் தனிக்கூட்டில் அடைக்கப்பட்டது. கொழுந்து மலையில் பாடப்படுவது பாட்டு என்றும், அதையே ஒலிவாங்கிக்கு முன் பயின்ற குரலில் பாடினால் அது ‘கிராமியம்’ என்றும் வகுத்த பிரிவினை இன்றுவரை தீரவில்லை.

திரைப்பாடல் மலையகத்துக்கு முற்றிலும் அந்நியம் என்ற வாதமும் முழுமையானதன்று. இம்மக்களின் முன்னோர் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தவர். 1976 ஆம் ஆண்டு ‘அன்னக்கிளி’ மூலம் இளையராசா திரைக்கு வந்தபோது, நாற்று நடவிலும் தாலாட்டிலும் பயின்ற இசைக்கூறுகள் திரையிசையின் நடுவிடத்துக்கு வந்தன. ராகலையிலே கொழுந்து பறித்த ஒருத்திக்கு அவ்விசை புதியது. அதே வேளையில் பாட்டியின் குரலில் முன்பே கேட்டது. ஒரே பாடலிற் புதுமையையும் உரிமையையும் ஒருங்கே உணர்ந்த அந்த அநுபவத்தை, ‘திரைப்பட மோகம்’ என்ற இரு சொற்களால் விளக்கிவிட முடியாது.

1977 ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப்பின் ஒலிநாடாப் பெட்டி மலிந்தது. நகரங்களில் ‘றெக்கோடிங் பார்’ எனப்பட்ட ஒலிப்பதிவுக் கடைகள் தோன்றின. விரும்பிய பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வெற்று நாடாவில் அவ்வொழுங்கிலேயே பதிந்து தருவர். மலையகத்து இரசனை வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு அத்தாள்களைப் போன்ற சான்று வேறில்லை. அவை பேணப்படாமற் போனமை பேரிழப்பாகும். அறுபது நிமிட நாடாவின் ஒரு பக்கம் முப்பது நிமிடம். ஏழு பாட்டுக்கு மேல் ஏறாது. எட்டாவது பாட்டை நீக்கவேண்டிய கட்டாயத்திலேதான் விமரிசனம் பிறக்கிறது. முதலிற் பக்திப்பாடல் வைப்பதா, சீர்காழி கோவிந்தராசனா எல். ஆர். ஈஸ்வரியா, சோகப்பாட்டை முதற் பக்கத்தில் முடிப்பதா என்றெல்லாம் தீர்மானித்தவர் எவரும் தம்மை விமரிசகர் என்று கூறிக்கொள்ளவில்லை. அந்நாடா கைமாறியது, திருமண வீட்டில் ஒலித்தது, மாரியம்மன் திருவிழாவில் ஒலிபெருக்கி வழியே முழுத் தோட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது. தன் தெரிவை முழு ஊரும் கேட்கும் என்ற பொறுப்போடு பட்டியலிடுதலும், விற்பனைக் கணக்கைப் பார்த்து வரிசையிடுதலும் ஒன்றல்ல.

தோட்டத்துப் பாடல்களைத் தொகுப்பவராக இங்கு சி. வி. வேலுப்பிள்ளை நினைவுக்கு வருகிறார். மடக்கும்புரையில் பிறந்த அவர் தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983 ஆம் ஆண்டு வெளிவந்தது. அழிந்துபோகவிருந்தவற்றைக் காத்த பணி அது. எனினும் அச்சிலே சொல் நின்றது, மெட்டு நிற்கவில்லை. பெரட்டுக்கு அழைத்த தப்பின் தாளத்தையோ, ஒப்பாரியில் மூச்சு முறியுமிடத்தையோ தாள் தாங்காது. பதிவுக் கருவி லயத்துக்குள் வந்துவிட்ட காலத்திலும் இப்பாடல்கள் பெரும்பாலும் நூலாகவே மதிக்கப்பட்டமை, ஆய்வாளர் செவியைவிடக் கண்ணை நம்பியதன் விளைவாகும்.

இந்நிலையில் 2021 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’ மலையக நோக்கில் தனியே ஆராயத்தக்கது. தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த இப்பாடல் எத்திரைப்படத்திலும் இடம்பெறாமலே கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. அதன் கருவாக அமைந்தவர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். மண்ணை வளம்படுத்தியோர்க்கு அதன் பயன் கிட்டாமையை ஒப்பாரியின் சாயலோடு கூறும் பகுதியே பாடலின் உயிர். 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் கப்பலேற்றிய துயரம், அரை நூற்றாண்டின் பின் கைத்தொலைபேசி வழியாக மலைக்கே திரும்பி வந்தது எனலாம்.

பாடலின் வெற்றியே அதன் குறையையும் காட்டுகிறது. கொண்டாட்டமாக அமைந்த பல்லவியே எங்கும் பாடப்பட்டது. ஒப்பாரிப் பகுதி ஆடலுக்கிடையே கரைந்தது. தேயிலைத் தோட்டம் பாடலுள் வெளிப்படையாகப் பேசப்படாமையால், அது பொதுவான இயற்கைப் போற்றுதலாகக் கேட்கப்படவும் இடமாயிற்று. ஆக்கியவர் யார், முன்னிறுத்தப்பட்டவர் யார் என 2021 ஆம், 2022 ஆம் ஆண்டுகளில் எழுந்த சர்ச்சை பலரும் அறிந்ததே. பெயர் வாசிக்கப்படுதல் எத்துணை முக்கியமானது என்பதை நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்த ஒரு சமூகத்துக்கு விளக்கவேண்டியதில்லை. பின்னர் அம்பாசா குழுவினருடன் அறிவு வெளியிட்ட தொகுதி ‘வள்ளியம்மா பேராண்டி’ என்னும் தலைப்பைக் கொண்டமை இப்பின்னணியிலே பொருள் பெறுகிறது. தொகுதியின் பெயரிலேயே தோட்டத்துப் பாட்டி ஒருத்தி நிற்கிறாள். முன்னைய பாடலின் பரவல் இதற்குக் கிட்டவில்லையாயினும், ராகலையிலிருந்து கேட்போர்க்கு இதுவே நெருக்கமான ஆக்கமெனத் துணிந்து கூறலாம்.

கைத்தொலைபேசியில் இன்று ஆண்டிறுதிப் பட்டியல்கள் தாமாகவே வந்து சேருகின்றன. அதிகம் கேட்கப்பட்டது மேலும் அதிகமாகக் கேட்கப்பட வழிசெய்யும் அக்கணக்குமுறை, இசைத்தட்டு விற்பனையை எண்ணிய பழைய முறையின் பேரப்பிள்ளையே. காமன் கூத்துப் பாடல்கள் எப்பட்டியலிலும் ஏறுவதில்லை. மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றிய நாள் முதல் தகனம் வரை, இரவிரவாக ரதியும் மதனும் பாடுவதைத் தோட்டத்தார் கூடியிருந்து கேட்கின்றனர். சென்ற ஆண்டு ரதியாகப் பாடியவர் சிறந்தவரா, இவ்வாண்டு பாடியவரா என்ற விவாதம் மறுநாட் காலை பீலிக்கரையிலும் கொழுந்து மலையிலும் நடைபெறுகிறது. அவ்விவாதத்தைக் குறித்துக்கொள்வதற்கு மலையகத்து மாணவர் எவரும் இதுவரை ஒரு குறிப்பேட்டுடன் அங்கு சென்றதாகத் தெரியவில்லை.