பார்வை, ஆடை, இடைவெளி: மத்ஹபுகள் வகுத்த அளவுகள்

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு. நபிகள் நாயகம் (ஸல்) தம் இறுதி ஹஜ்ஜில் ஒட்டகத்தின் மேல் அமர்ந்து வருகிறார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் சிறிய தந்தை அப்பாஸின் மகன் ஃபழ்லு, பார்க்க அழகான இளைஞர். கஸ்அம் குலத்துப் பெண் ஒருவர் எதிரே வந்து நின்று ஒரு சந்தேகம் கேட்கிறார். அவருடைய தந்தை வாகனத்தில் நிமிர்ந்து உட்கார முடியாத அளவு தளர்ந்துவிட்டார். அவருக்காக மகள் ஹஜ் செய்யலாமா? நபிகளார் செய்யலாம் என்றார்கள். அதற்குள் ஃபழ்லின் கண்கள் அந்தப் பெண்ணை விட்டு அகலவில்லை என்பதையும் கவனித்துவிட்டார்கள். அவருடைய முகவாயைப் பிடித்து மறுபக்கம் திருப்பிவிட்டார்கள்.

புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான இந்த நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு சட்ட மேதைகள் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். பெண்ணின் முகம் திறந்திருந்தது, மூடச் சொல்லி நபிகளார் கட்டளையிடவில்லை, எனவே முகத்தை மறைப்பது கடமையல்ல என்றது ஒரு தரப்பு. அவர் ஹஜ்ஜுக்கான இஹ்ராம் நிலையில் இருந்தார், அந்த நிலையின் விதியைப் பொது விதியாக்க முடியாது என்றது மறு தரப்பு. அங்கே திருப்பப்பட்டது ஆணின் முகம்தான் என்பதை மட்டும் இரு தரப்பாரும் மறுக்கவில்லை.

குர்ஆனின் வரிசையும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. அந்நூர் அத்தியாயத்தின் 30-ஆம் வசனம் ஆண்களை அழைத்துப் பார்வையைத் தாழ்த்தவும் கற்பைக் காக்கவும் சொல்கிறது. 31-ஆம் வசனம் அதே இரண்டையும் பெண்களுக்குச் சொல்லிவிட்டு, தலைத்துணியை மார்பின் மேல் போட்டுக்கொள்வது, இயல்பாக வெளியே தெரிவது தவிர மற்ற அலங்காரத்தை மறைப்பது என்று விரிகிறது. தந்தை, சகோதரர், மகன் என இந்தக் கட்டுப்பாடு பொருந்தாத உறவுகளின் பட்டியலும் அதிலேயே உண்டு. வீட்டைவிட்டு வெளியே போகும்போது மேலாடையை இறக்கிக்கொள்ளச் சொல்வது அல்அஹ்ஸாபின் 59-ஆம் வசனம். திருமண நாட்டம் கடந்த முதிய பெண்கள் மேலாடையைக் களைந்திருந்தால் குற்றமில்லை என்கிறது அந்நூர் 60.

முகமும் கைகளும்

‘இயல்பாக வெளியே தெரிவது’ எது என்ற கேள்வி நபித்தோழர்கள் காலத்திலேயே எழுந்துவிட்டது. முகமும் கைகளும், அதாவது கண்மையும் மோதிரமும் இருக்கும் இடங்கள் என்று விளக்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) பெயரில் அறிவிப்பு இருக்கிறது. உடுத்தியிருக்கும் வெளியாடையைத்தான் அது குறிக்கிறது என்றார் இப்னு மஸ்ஊத் (ரலி). இரண்டையும் பதிந்துவைத்த விரிவுரையாளர் தபரி (மறைவு ஹிஜ்ரி 310) முதல் விளக்கத்தின் பக்கம் சாய்ந்தார். தொழுகையில் பெண் முகத்தையும் கைகளையும் திறந்திருக்கலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். மறைத்தே ஆகவேண்டிய உறுப்பாக இருந்தால் தொழுகையில் மட்டும் எப்படித் திறக்க முடியும் என்பது அவர் வாதம்.

மறைக்க வேண்டிய பகுதியை அவ்ரத் என்கின்றன சட்ட நூல்கள். அதன் எல்லையை மத்ஹபுகள் என்னும் சட்டப் பள்ளிகள் வெவ்வேறு இடங்களில் நிறுத்தின. ஹனஃபி மத்ஹபில் முகமும் கைகளும் அவ்ரத் அல்ல. பாதங்களும் அல்ல என்பதே வலுவான கருத்து என்கிறது மர்கீனானியின் ஹிதாயா. பிற்கால ஹனஃபி அறிஞர்கள் இளம்பெண்கள் ஆண்களிடையே முகம் திறப்பதைத் தடுத்தார்கள். முகம் அவ்ரத் என்பதற்காக அல்ல, குழப்பம் நேரும் என்ற அச்சத்தால் என்று காரணத்தையும் தெளிவாக எழுதிவைத்தார்கள். மாலிகி மத்ஹபும் முகத்தையும் கைகளையும் விலக்கியே வைத்தது. ஹன்பலி மத்ஹபின் பெயர்பெற்ற கருத்துத்தான் மிகக் கடுமையானது: நகம் உட்பட உடல் முழுவதும் அவ்ரத். ஷியாக்களின் ஜஅஃபரி மத்ஹபில் பெரும்பாலான அறிஞர்கள் முகத்துக்கும் மணிக்கட்டு வரையிலான கைகளுக்கும் விலக்கு அளிக்கிறார்கள்.

ஷாஃபி மத்ஹபின் தூணான இமாம் நவவி (மறைவு 1277) இரு பக்கத்தையும் நமக்குக் காட்டுகிறார். அந்நியப் பெண்ணின் முகத்தையும் கைகளையும் பார்ப்பதுகூடக் கூடாது என்பதைச் சரியான கருத்தாகத் தம் மின்ஹாஜ் நூலில் வைத்தவர் அவர். முஸ்லிம் ஹதீஸ் தொகுப்புக்கு எழுதிய விரிவுரையிலோ, பெண் வழியில் போகும்போது முகத்தை மூடுவது கடமையல்ல, பார்வையைத் தாழ்த்துவது ஆண்கள் மீது கடமை என்ற கருத்தை மாலிகி அறிஞர் காழி இயாழ் வழியாக எடுத்து எழுதுகிறார். மாற்றுக் கருத்தை மறைத்துவைக்கும் வழக்கம் அந்தத் தலைமுறைக்கு இல்லை.

ஆதாரங்களைத் தரம் பிரிப்பதிலும் அதே நேர்மையைப் பார்க்கலாம். பருவமடைந்த பெண்ணிடம் முகமும் கைகளும் தவிர வேறெதுவும் தெரியலாகாது என்று நபிகளார் அஸ்மாவிடம் சொன்னதாக அன்னை ஆயிஷா வழியாக வரும் ஹதீஸ் எல்லா மேடைகளிலும் எடுத்துச் சொல்லப்படுவது. அதைப் பதிவுசெய்த அபூதாவூதே, அறிவிப்பாளர் காலித் அன்னை ஆயிஷாவைச் சந்தித்தவரல்ல, தொடர் அறுபட்டிருக்கிறது என்று குறித்துவைத்தார். இருபதாம் நூற்றாண்டின் ஹதீஸ் ஆய்வாளர் அல்பானி வேறு அறிவிப்புகளின் துணையோடு அதை வலுப்படுத்தினார். முகத்தை மூடுவது சிறப்பு, கடமையல்ல என்று தனி நூலே எழுதினார். சவூதியின் இப்னு பாஸும் இப்னு உஸைமீனும் கடமை என்ற நிலையிலிருந்து இறங்கவில்லை. மூவரும் ஸலஃபி சிந்தனையின் முன்னணி அறிஞர்கள்.

இவ்வளவு கருத்து வேறுபாட்டுக்கு நடுவில் ஹஜ் நேரத்து விதி தெளிவாக இருக்கிறது. இஹ்ராமில் உள்ள பெண் முகத்திரையும் கையுறையும் அணியக் கூடாது என்பது புகாரியில் உள்ள ஹதீஸ். ஆண்கள் எதிர்ப்படும்போது மேலாடையை முகத்தின் மேல் இறக்கிக்கொண்டதாக அன்னை ஆயிஷா (ரலி) சொன்னதும் பதிவாகியிருக்கிறது.

ஆணின் அவ்ரத்

ஆடை ஒழுக்கம் என்றதும் பேச்சு பெண்ணைச் சுற்றியே வருகிறது. சட்ட நூல்களோ ஆணுக்கும் எல்லை வகுத்திருக்கின்றன. தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதி ஆணின் அவ்ரத் என்பது பெரும்பான்மைக் கருத்து. முழங்காலும் அதில் சேரும் என்கிறார்கள் ஹனஃபிகள். சேராது என்கிறார்கள் ஷாஃபிகள். தொடையைப் பற்றி மாலிகி மத்ஹபில் கொஞ்சம் தளர்வு உண்டு. கைபர் போரின்போது நபிகளாரின் தொடை வெளியே தெரிந்ததாக அனஸ் (ரலி) சொல்வதும், தொடை அவ்ரத் என்று ஜர்ஹத் (ரலி) வழியாக வருவதும் ஒன்றோடொன்று மோதுகின்றன. முன்னது தொடர் வலுவுடையது, பின்னது பேணுதலுக்கு உகந்தது என்று இரண்டையும் நிறுத்துப்பார்த்தார் இமாம் புகாரி.

பட்டும் தங்கமும் ஆணுக்கு விலக்கப்பட்டவை. பெருமைக்காகக் கரண்டைக்காலுக்குக் கீழே ஆடையை இழுத்துச் செல்வதை ஹதீஸ்கள் கடுமையாகக் கண்டிக்கின்றன. மெல்லியதாக இருக்கக் கூடாது, உடலை ஒட்டி இறுக்கக் கூடாது, ஊர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக உடுத்தக் கூடாது என்ற பொது இலக்கணங்களும் இரு பாலாருக்கும்தான். நம்மூர்த் தெருமுனையில் கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு பெண்களின் பர்தாவை விமர்சிப்பவர், தம் மத்ஹபின் எல்லையைத் தாமே தாண்டி நிற்கிறார்.

பள்ளிவாசலில் இடைவெளி

ஆடையைப் போலவே பிரிவினையிலும் ஒத்த கருத்துள்ள பகுதி ஒன்று, வாதத்துக்குரிய பகுதி ஒன்று. திருமணத்துக்கு விலக்கப்படாத ஆணும் பெண்ணும் தனியறையில் தனித்திருக்கக் கூடாது என்பதில் மத்ஹபுகள் ஒன்றுபடுகின்றன. பொது இடத்தில் இரு பாலாரும் எந்த அளவு கலக்கலாம் என்பதில்தான் அளவுகள் மாறுகின்றன.

மதீனாவின் மஸ்ஜிதுந் நபவியில் ஆண்களுக்குப் பின்னால் பெண்கள் அணிவகுத்தார்கள். நடுவே சுவர் இல்லை. ஏழை ஆண்களிடம் போதிய துணி இல்லாததால் வேட்டியைக் கழுத்தில் முடிந்துகொண்டு தொழுதார்கள். ஆண்கள் நிமிர்ந்து உட்காரும் வரை பெண்கள் ஸஜ்தாவிலிருந்து தலை உயர்த்த வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டது. தொழுகை முடிந்ததும் நபிகளார் சற்று நேரம் அப்படியே அமர்ந்திருப்பார்கள். பெண்கள் முதலில் கலைந்து செல்ல வேண்டும் என்பதற்காக என்று விளக்கம் தரப்பட்டது. பெருநாள் திடலுக்குக் கன்னிப்பெண்களும் மாதவிடாயில் இருப்பவர்களும்கூட வரவேண்டும் என்று சொல்லப்பட்டபோது, மேலாடை இல்லாதவள் என்ன செய்வாள் என்று கேட்டார்கள். தோழி தன்னுடையதைக் கொடுத்து உதவட்டும் என்பது பதில். இதை அறிவித்த உம்மு அத்திய்யா (ரலி) நபிகளாரோடு ஏழு போர்களுக்குச் சென்று காயம்பட்டவர்களைக் கவனித்தவர். ஆண்கள் உங்களைச் சூழ்ந்துவிடுகிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று பெண்கள் கேட்டபோது அதுவும் ஒதுக்கப்பட்டது.

பெண்களைப் பள்ளிவாசலுக்குப் போகவிடாமல் தடுக்காதீர்கள் என்ற நபிமொழியை இப்னு உமர் (ரலி) சொன்னார். அவர் மகன் பிலால், நாங்கள் தடுக்கத்தான் செய்வோம் என்றார். மகனை இப்னு உமர் ஏசிய ஏச்சும் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. காலம் மாறியதை நபிகளார் பார்த்திருந்தால் தடுத்திருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா சொன்னதும் பதிவாகியிருக்கிறது. இமாம் அபூஹனீஃபா முதிய பெண்களுக்குச் சில வக்துகளில் அனுமதி தந்தார். பிற்கால ஹனஃபிகள் அதையும் குறைத்தார்கள்.

மத்ஹபைவிட ஊர் வழக்கம் எவ்வளவு வலுவானது என்பதற்கு இந்தோனேசியா சாட்சி. அங்கே பெரும்பான்மையோர் ஷாஃபிகள். முக்கேனா என்ற வெள்ளைத் தொழுகை ஆடை அணிந்த பெண்கள் பள்ளிவாசலின் பின்வரிசைகளில் தொழுவது அன்றாடக் காட்சி. காயல்பட்டினமும் கீழக்கரையும் அதே ஷாஃபி மத்ஹபுதான். இங்கே பள்ளிவாசல்கள் நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமே இருந்தன. சஹாரா பாலைவனத்து துவாரெக் மக்களிடம் வழக்கம் தலைகீழாக இருக்கிறது. மாலிகி மத்ஹபைச் சேர்ந்த அவர்களில் முகத்தை மூடிக்கொள்பவர்கள் வயதுவந்த ஆண்கள். பெண்கள் முகம் திறந்தே நடமாடுகிறார்கள்.

தமிழகக் கடற்கரையில்

தமிழ் முஸ்லிம் ஊர்கள் பிரிவினையைத் தங்கள் கட்டட அமைப்பிலேயே பொதித்துவைத்தன. காயல்பட்டினத்தில் வீடுகளுக்கு இடையே பெண்கள் புழங்க முடுக்குகள் இருந்தன. தொழவும் ஓதவும் பெண்களுக்கென்றே தைக்காக்கள் எழுந்தன. சேலைக்கு மேல் போர்த்திய வெள்ளைத் துப்பட்டிதான் அன்றைய வெளியாடை. வளைகுடாப் பயணங்கள் பெருகிய பிறகு அந்த இடத்தைக் கறுப்பு அபாயா பிடித்துக்கொண்டது. இரண்டில் எதையும் எந்த இமாமும் பெயர் சொல்லி விதிக்கவில்லை. மறைக்க வேண்டிய அளவைச் சட்டம் சொன்னது. துணியையும் நிறத்தையும் ஊர் தேர்ந்துகொண்டது.

இந்தத் திரைக்குள்ளிருந்து எழுத்தும் வந்தது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938-இல் ‘காதலா கடமையா’ நாவலை வெளியிட்டார். முன்னுரை எழுதியவர் உ.வே.சாமிநாதையர். 2004-இல் வந்த சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வீட்டுக்குள் அடைபட்ட பெண்களின் உலகை விரித்துக் காட்டியது. பருவமடைந்தவுடன் படிப்பை நிறுத்துவது மத்ஹபுகளின் சட்டமல்ல, ஊர்ப் பழக்கம். 11-ஆம் நூற்றாண்டு மக்காவில் கரீமா அல்மர்வஸிய்யா என்ற பெண் அறிஞர் புகாரியின் ஹதீஸ் தொகுப்பைப் பாடம் நடத்தினார். பக்தாத் வரலாற்றாசிரியர் கதீப் அல்பக்தாதி ஹஜ்ஜுக்குப் போனபோது அவரிடம் அமர்ந்து ஓதினார்.

அரசின் கை

அறிஞர்கள் விவாதித்ததை இருபதாம் நூற்றாண்டில் அரசுகள் கையில் எடுத்துக்கொண்டன. ஈரானில் ரிஸா ஷா 1936-இல் பெண்களின் திரையைக் களையச் சொல்லிக் காவலரை ஏவினார். புரட்சிக்குப் பின் வந்த அரசு 1983-இல் தலையை மறைக்காத பெண்ணுக்குத் தண்டனை விதித்தது. பிரான்ஸ் 2004-இல் அரசுப் பள்ளிகளில் தலைத்துணியைத் தடுத்தது. கர்நாடகத்தின் உடுப்பியில் தொடங்கிய வழக்கில், ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத மதக் கடமை அல்ல என்று 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் கூறியது. அக்டோபரில் அதை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வின் இரு நீதிபதிகளும் வேறு வேறு தீர்ப்பெழுதினார்கள். 2023 மகளிர் கால்பந்து உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்ஸினா தலைத்துணியோடு ஆடியது யாருடைய ஆட்டத்தையும் கெடுக்கவில்லை. அணியச் சொல்லி அடிப்பதும் கழற்றச் சொல்லித் துரத்துவதும் பெண்ணின் ஈமானுக்கு இடம் வைக்காத இரண்டு வழிகள்.

பெண்கள் தொழுகைக்காகப் பள்ளிவாசலுக்குள் வருவதை இஸ்லாம் அனுமதிக்கிறது என்று அகில இந்திய முஸ்லிம் தனிச்சட்ட வாரியம் 2020-இல் உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. அனுமதி காகிதத்தில் இருந்தால் போதாது. ஜமாஅத் நிர்வாகிகள் பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போது பெண்களுக்குத் தனி வாசலும் ஒளூ செய்யும் இடமும் வரைபடத்திலேயே சேர்க்க வேண்டும். மிம்பரில் நின்று பேசுகிற ஆலிம்கள் தங்கள் மத்ஹபின் கருத்தைச் சொல்லும்போது மற்ற மத்ஹபின் கருத்தையும் சொல்ல வேண்டும். முகம் திறந்து வரும் பெண்ணையும் மூடி வரும் பெண்ணையும் ஒரே மரியாதையோடு வரவேற்க வேண்டும். மக்தபில் சிறுவர்களுக்கு அந்நூரின் 30-ஆம் வசனத்தைப் பொருளோடு கற்றுக்கொடுக்க வேண்டும், அவர்களுடைய சகோதரிகளுக்கு 31-ஐக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே.