சிறுவாடும் சர்க்காரும்

அரசியலைத் தொடாதீர்கள், கதை எழுதுங்கள், உங்களுக்கு வருவது அதுதான் என்று எனக்கு எழுதும் வாசகர்கள் சிலர் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சர்க்கார் உத்தரவுகளையும் கதையைப் போலவே படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு இருக்கிறதே, என்ன செய்வது? இதை எழுதியவர் எப்படிப்பட்ட மனிதரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினார் என்றுதான் முதலில் தேடுவேன். 2016 நவம்பர் 8 ஆம் தேதி இரவு, ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நோட்டுக்கள் செல்லாது என்று வந்த உத்தரவையும், அதன் பின்னால் வால் வாலாக வந்த உத்தரவுகளையும் அப்படித்தான் படித்தேன்.

ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். முதல் இரண்டு நாள் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. மெத்தைக்குள்ளே கட்டுக் கட்டாகப் பணத்தை வைத்துத் தைத்திருப்பவன் தவிக்கட்டும் என்று நினைத்தேன். 1978 இல் ஜனதா சர்க்கார் ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் நோட்டுக்களைச் செல்லாதாக்கியபோது எங்கள் தெருவில் யாருக்கும் தூக்கம் கெடவில்லை. அந்த நோட்டை யார் கண்ணால் பார்த்திருந்தார்கள்? இந்தத் தடவை நடந்தது வேறு. நாட்டில் புழங்கிய நோட்டுக்களின் மதிப்பில் நூற்றுக்கு எண்பத்தாறு பங்கு ஒரே இரவில் கடுதாசியாகிவிட்டது. எங்கள் தெருவே வரிசையில் நின்றது.

வரிசையில் நிற்பதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. ரேஷன் கடையிலும் மண்ணெண்ணெய்க் கடையிலும் நின்று வளர்ந்தவன் நான். என் அபிப்பிராயம் மாறியது டிசம்பர் 20 ஆம் தேதி.

முந்தின நாள் இரவு சித்தி வந்தாள். சித்தப்பா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்தாள். புடவைத் தலைப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். எல்லாம் பழைய நோட்டு.

"ஏது சித்தி?"

"ஏதா? எல்லாம் சிறுவாடுதான். இத்தனை வருஷம் பால் பாக்கியிலும் காய்கறியிலும் பிடித்தது. சில்லறையாக இருந்தால் டப்பா கொள்ளவில்லை என்று போன வருஷம்தான் பெரிய நோட்டாக மாற்றி வைத்தேன். உன் சித்தப்பாவுக்குத் தெரிய வேண்டாம்டா!"

அவளுக்கும் பாங்கியில் கணக்கு உண்டு. ஆனால் அது சித்தப்பாவும் சேர்ந்த கணக்கு. பாஸ் புஸ்தகத்தில் வரி விழுந்தால் அவர் கண்ணில் பட்டுவிடும். வீட்டுப் பெண்கள் சேமித்த பணம் இரண்டரை லட்சம் வரையில் போட்டால் கேள்வி கிடையாது என்று சர்க்கார் அபயம் கொடுத்திருந்தது உண்மைதான். வருமான வரிக்காரன் கேட்க மாட்டான், சித்தப்பா கேட்பாரே! அவர் கொடுமைக்காரர் அல்ல. ஆனால் அந்த டப்பாவில் இருந்தது, நாற்பது வருஷ இல்லறத்தில் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத ஒரே ஒரு சமாசாரம். தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. அது எத்தனை தலைமுறையின் தேவையிலிருந்து பிறந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறருடைய பணத்தை உங்கள் கணக்கில் போடாதீர்கள் என்று சர்க்கார் எச்சரித்திருந்தது. தெரிந்தேதான் மறுநாள் காலை பாங்கிக்குப் போனேன். என் போதாத காலம், முந்தின நாள்தான் ரிசர்வ் பாங்கு புதிதாக ஓர் உத்தரவு போட்டிருந்தது: ஐயாயிரத்துக்கு மேல் பழைய நோட்டைப் போட வருகிறவரை, இத்தனை நாள் ஏன் போடவில்லை என்று குறைந்தது இரண்டு அதிகாரிகள் முன்னிலையில் கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

கேட்டார்கள். மரியாதையாகவே கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருவர் என் கதைகளைப் படிப்பவர். "மறந்து போய்விட்டது" என்றேன். ஆயுள் முழுவதும் கதை கட்டிப் பிழைத்தவனுக்கு அன்று அகப்பட்ட கதை அவ்வளவுதான். அவர் பேனாவை மூடாமல் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, அதையே எழுதிக்கொண்டார். அடுத்த நாளே, டிசம்பர் 21 இல், ரிசர்வ் பாங்கு அந்தக் கேள்வியைக் கைவிட்டது. என் பொய் மட்டும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கிறது.

இந்த உத்தரவுகளில் நான் தேடிய மனிதரை அன்றுதான் கண்டேன். ரொக்கம் வைத்திருக்கிறவன் எவனும் எதையோ ஒளிக்கிறான். அவன்தான் தன்னை நிரூபித்துக்கொள்ள வேண்டும். கல்யாணச் செலவுக்குத் தன் சொந்தக் கணக்கிலிருந்து இரண்டரை லட்சம் எடுக்க வந்த தகப்பனிடம் பத்திரிகையைக் காட்டு என்றார்கள். யார் யாருக்குக் கொடுக்கப் போகிறாய், ஜாபிதா கொடு என்றார்கள். நோட்டு மாற்றியவன் விரலில் மை வைத்தார்கள். ஓட்டுப் போட்டதற்குப் பெருமையாகக் காட்டுகிற மை!

பொருளாதார நிபுணர்கள் வேறு விதமாகச் சண்டை போட்டார்கள். செல்லாத நோட்டில் 99.3 சதவிகிதம் திரும்பி வந்துவிட்டதாக 2018 இல் ரிசர்வ் பாங்கின் ஆண்டறிக்கை சொன்னது. பார்த்தீர்களா, கறுப்புப் பணம் பிடிபடவில்லை என்றது ஒரு கட்சி. எல்லாம் கணக்குக்கு வந்தாயிற்றே என்றது மறு கட்சி. கறுப்புப் பணத்தில் பெரும்பகுதி ரொக்கமாக இல்லை, தங்கமாகவும் நிலமாகவும் இருக்கிறது என்று அறிவிப்புக்குச் சில மணி நேரம் முன்பு கூடிய ரிசர்வ் பாங்கு நிர்வாகக் குழுவின் குறிப்பிலேயே எழுதியிருந்தது பின்னால் வெளிவந்தது. அதை எழுதிவிட்டுச் சம்மதமும் தெரிவித்தார்கள்! இதெல்லாம் முக்கியமான விவாதம்தான். ஆனால் அந்த 99.3 இல் சித்தியின் டப்பாவும் அடக்கம். அவள் என்ன இழந்தாள் என்பதற்கு அந்த அறிக்கையில் இடம் இல்லை. ரூபாய்க் கணக்கில் அவள் எதையும் இழக்கவில்லையே!

வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2023 ஜனவரி 2 இல் தீர்ப்பு வந்தது. ரிசர்வ் பாங்குச் சட்டத்தின் 26 ஆம் பிரிவில் 'ஏதேனும் ஒரு வரிசை' நோட்டு என்று இருப்பதை 'எல்லா வரிசையும்' என்று கொள்ளலாமா என்பது அதில் ஒரு பெரிய கேள்வி. கொள்ளலாம் என்றார்கள் நான்கு நீதிபதிகள். கூடாது என்றார் நீதிபதி நாகரத்னா. யோசனை சர்க்காரிடமிருந்து வந்தால் பார்லிமெண்டு மூலமாகவோ அவசரச் சட்டம் மூலமாகவோ செய்திருக்க வேண்டும், கெஜட் அறிவிப்பு போதாது என்றும், நடந்து முடிந்த காரியத்தை இனித் திருப்ப முடியாது என்றும் எழுதினார். ஒரு சொல்லின் பொருளை இத்தனை சிரத்தையோடு அலசியவர்கள்மேல் எழுதுகிறவனுக்கு மதிப்பு உண்டாகிறது. என் வாக்கு அந்த ஒருவருக்குத்தான். பார்லிமெண்டில் விவாதம் நடந்திருந்தால் யாராவது ஓர் அங்கத்தினர், தம் தாயாரை நினைத்தாவது, ஒரு கேள்வி கேட்டிருப்பார்.

அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து சொன்னது 2017 ஆகஸ்டில். நான் அந்தப் பொய்யைச் சொல்லி எட்டு மாதம் கழித்து.

2023 மே மாதம் இரண்டாயிரம் ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்ததும் சித்திக்குப் போன் செய்தேன்.

"கவலைப்படாதே, எல்லாம் நூறாகத்தான் வைத்திருக்கிறேன்" என்றாள்.

எவ்வளவு, எங்கே என்று நான் கேட்கவில்லை.