பட்டமரம்: எங்கே விடுவது, எங்கே எரிப்பது

விழுந்த மரத்தைக் காட்டிலேயே விட்டுவிட வேண்டும் என்ற கருத்து இப்போது சூழலியல் பேசுவோர் நடுவே ஏறக்குறைய வேதவாக்காகிவிட்டது. அது பிறந்த இடம் வட ஐரோப்பாவின் குளிர்காடு. அங்கே பிறந்ததற்காக அது பிழையாகிவிடாது. ஆனால் இலங்கையின் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் அதை அப்படியே கொண்டுவந்து இறக்கினால், வில்பத்துவில் சரியாக இருப்பது மாதம்பைத் தென்னந்தோட்டத்தில் கேடாக முடியும்.

முதலில் அந்த வாதத்தின் பலத்தை ஒப்புக்கொள்வோம். பிரித்தானியச் சூழலியலாளர் சார்ள்ஸ் எல்ற்றன் 1966 இல் எழுதிய நூலில், சாகின்ற மரங்களையும் செத்த மரங்களையும் காட்டிலிருந்து அகற்றினால் அதன் விலங்கினத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு போய்விடும் என்று கணித்தார். பின்லாந்திலும் சுவீடனிலும் நடந்த ஆய்வுகள் அந்தக் கணிப்பைப் பெரும்பாலும் உறுதிப்படுத்தின. கைபடாத காட்டில் ஹெக்டேயருக்கு 60 முதல் 90 கன மீற்றர் வரை செத்த மரம் கிடக்க, வெட்டுமரத்துக்காகப் பராமரிக்கப்பட்ட காட்டில் அது 10 ஐக்கூட எட்டவில்லை. வண்டு, பூஞ்சை, பாசி, மரங்கொத்தி எல்லாம் அந்த இடைவெளியில் காணாமற்போயின. பட்டமரத்தை அழுக்காகவும் நோய்க்கூடாகவும் பார்த்த பழைய வனப் பராமரிப்புக்கு இது சரியான அடி.

ஆனால் அந்த எண்கள் வெப்பநாட்டுக்குப் பொருந்தா. ஆறு கண்டங்களில் நடத்தி 2021 இல் வெளியான ஒரு பரிசோதனையின்படி, வெப்பமண்டலத்தில் செத்த மரத்துண்டு ஓராண்டில் தன் எடையில் ஏறத்தாழ 28 வீதத்தை இழக்கிறது. வட துருவத்தை ஒட்டிய காடுகளில் இழப்பு 3 வீதம் அளவில்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐந்து ஆண்டு முடிவில் இங்கே ஐந்திலொரு பங்குகூட மிஞ்சாது, அங்கே 85 வீதம் அப்படியே கிடக்கும். எனவே நம் காட்டுத் தரையில் செத்த மரம் குறைவாகக் கிடப்பதை மட்டும் வைத்துக் காடு கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. எவ்வளவு கிடக்கிறது என்பதைவிட, முதிர்ந்த மரங்கள் நின்ற இடத்திலேயே சாவது ஆண்டுதோறும் நடக்கிறதா என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி. அந்தப் பரிசோதனையிலும் ஒரு குறை உண்டு. அதில் வைக்கப்பட்டவை மூன்று சென்ரிமீற்றர் தடிப்புள்ள துண்டுகள். வைரம் பாய்ந்த பாலை மரத்தின் அடியை அந்த வேகத்தில் எந்தக் கறையானும் தின்று தீர்க்காது.

வில்பத்துவில் தீர்ப்பு எளிது. 1938 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் இந்த வறள்காட்டில் பாலை, வீரை, முதிரை போன்ற மரங்கள் முதிர்ந்து, பொந்து விழுந்து, பட்டு நிற்கின்றன. இருவாட்சிப் பெடை பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு அடைகாப்பதற்கு அப்படிப்பட்ட பழைய மரம் வேண்டும். கரடிக்குப் பாலைப்பழம் பருவத்தில் மட்டுமே. மற்ற நாட்களில் கறையானைத்தான் அது பெரிதும் நம்பியிருக்கிறது, கறையானோ காய்ந்த மரத்தை நம்பியிருக்கிறது. தீப்பிடிக்கும் என்ற எதிர்வாதத்தை அடிக்கடி கேட்கலாம். வறள்காட்டில் தீயைப் பரப்புவது காய்ந்த புல்லும் சருகும். அதை மூட்டுவது பெரும்பாலும் மனிதக் கை. தடித்த அடிமரத்தை அகற்றுவதால் இந்த இரண்டும் குறையப்போவதில்லை.

தேக்குத் தோட்டம் வேறு. 1990 இல் இயற்கைக் காடுகளில் மரம் தறிப்பது நிறுத்தப்பட்ட பிறகு மரத்தேவையின் சுமை தோட்டங்கள் மேல் விழுந்தது. அங்கே ஒவ்வொரு மரத்தையும் சாக விடச் சொல்வது நடைமுறை தெரியாத பேச்சு. ஓரத்தில் சில மரங்களை முதிர விடுவதே போதும்.

தென்னையிலோ வாதம் முழுவதும் தலைகீழாகிறது. கருவண்டு என்று நம்மவர் சொல்லும் காண்டாமிருக வண்டு உக்கிய தென்னங்குற்றியிலும் சாணக் குவியலிலும் முட்டையிடுகிறது. புழு அந்த உக்கலைத் தின்றே வளர்கிறது. வளர்ந்த வண்டு பறந்துபோய் உயிருள்ள தென்னையின் குருத்தைத் துளைக்கிறது. பின்னர் விரியும் ஓலையில் கத்தரித்தது போன்ற வெட்டு தெரியும். இளந்தென்னை என்றால் செத்தும் போகும். லுணுவிலவில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிலையம் இந்த மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. பட்ட தென்னையை வெட்டி எரிக்க வேண்டும் அல்லது புதைக்க வேண்டும் என்பது தென்னைச் செய்கையின் அரிச்சுவடி. ஒற்றைப் பயிர் நிலத்தில், அந்தப் பயிரையே தின்னும் பூச்சிக்கு வீடு கட்டிக் கொடுப்பதைச் சூழலியல் என்று யாரும் அழைக்க வேண்டியதில்லை.

கண்டல் காட்டில்தான் வழக்கு சிக்கலாகிறது. கலா ஓயாவின் கழிமுகத்திலிருந்து கற்பிட்டி வழியாகச் சிலாபம் களப்பு வரை கண்டலும் கண்ணாவும் நிற்கின்றன. இங்கே செத்த மரத்தைத் தின்ன இரண்டு படைகள் உண்டு. நீர் எட்டாத மேட்டில் பூச்சியும் பூஞ்சையும். வற்றும் பெருக்கும் மூழ்கடிக்கும் தாழ்விலே கப்பற்புழு. பேர் புழு என்றாலும் இது சிப்பி இனம். இதன் செவுளில் வாழும் பற்றீரியாக்கள் மரநாரைச் செரிக்கவும் காற்றில் உள்ள நைதரசனைப் பிடிக்கவும் உதவுகின்றன. விழுந்த அடிமரத்தை இது சல்லடையாக்கிவிட்டுச் செத்த பின், வெறுமையான துளைகளில் சிறு நண்டும் இறாலும் மீனும் ஒதுங்குகின்றன. வற்று நேரத்தில் வெயில் கொளுத்தும்போது அத்துளைகளுக்குள் ஈரமும் குளிர்ச்சியும் மிஞ்சும். களப்பு மீன்வளத்துக்குக் கண்டல் தாய்வீடு என்று மேடையில் சொல்கிறவர்கள் வேரையும் இலையையும் மட்டுமே காட்டுகிறார்கள்; இந்த உக்கிய மரத்தை எவரும் காட்டுவதில்லை.

செத்த மரத்தில் மீன் ஒதுங்கும் என்பதைக் கடற்றொழிலாளர் ஏட்டில் படித்து அறியவில்லை. பக்கத்து நீர்கொழும்புக் களப்பில் கண்டல் கிளைகளை வெட்டிக் கும்பலாக நட்டு, மீன் அடைந்த பிறகு வலை வளைத்துப் பிடிக்கும் முறை பழமையானது. அதற்காகவே கண்டலை நட்டு வளர்ப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

செத்த வேருக்கும் வேலை உண்டு. 1998 இல் மிற்ச் சூறாவளி ஹொண்டுராஸ் தீவொன்றின் கண்டலைக் கூட்டமாகக் கொன்றது. வேர்கள் உக்கியபோது அங்கே தரையே தாழ்ந்தது. அதாவது செத்த வேர் சில காலம் மண்ணைப் பிடித்து வைக்கிறது. அதற்குள் இளங்கன்று தலைதூக்கினால்தான் காடு தப்பும். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அலையில் உருளும் தளர்ந்த மரம் நாற்றை நசுக்கிவிடும். திறந்த கரையில் புதிதாக நட்ட இடத்தில் அப்படி மிதந்து வரும் மரத்தை ஒதுக்குவது நியாயம்தான்.

இங்கிருந்து பார்த்தால் நம் கண்டல் மீட்பின் அளவுகோல் எவ்வளவு குறுகியது என்று புரியும். இலங்கையின் 23 நடுகை இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வின்படி, 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை முயன்றதில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். பாதிக்கு மேல் நாற்றுகள் பிழைத்த இடங்கள் மூன்றே: கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு. முதல் இரண்டும் புத்தளம் மாவட்டத்தில். பாராட்டலாம். ஆனால் பிழைத்த நாற்றை எண்ணுவது காட்டை எண்ணுவதாகாது. ஒரே வயதுக் கண்டல் வரிசையில் நெருக்கத்தால் சாவன குச்சிகளே. கப்பற்புழுவும் பொந்துவாழ் உயிரும் கேட்கும் தடித்த அடிமரம் அதில் விழுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் பழைய கண்டலை வெட்டிவிட்டு ஈடாகப் புதியதை நடுகிறோம் என்ற பேரம் இந்த இடத்தில் உடைந்து போகிறது. ஆனைவிழுந்தான் சரணாலயத்தில் கைவிடப்பட்ட இறால் குளங்களுக்குள் நீரோட்டத்தைச் சீராக்கி, விதை தானாக வந்து முளைக்க வழிவிடும் முயற்சி அதைவிடத் தரமானது. அங்கே பல இனங்கள் வரும், வயதும் கலக்கும், சாவும் கலந்து வரும்.

விறகு பொறுக்குவோரைக் குற்றவாளி ஆக்குவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 1980களில் தொடங்கிய இறால் பண்ணை அலை கண்டலை அடியோடு வழித்துக் குளமாக்கியது. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியபின் அக்குளங்களில் பல கைவிடப்பட்டன. அந்த அழிவின் முன்னே ஒரு குடும்பம் அடுப்புக்கு எடுக்கும் சுள்ளிக்கட்டு எம்மாத்திரம்? விரற்கடைத் தடிப்புள்ள சுள்ளியை எடுக்கட்டும். வாளும் வண்டியும் கொண்டுபோய் அடிமரத்தை இழுப்பதைத் தடுக்க வேண்டும்.

கண்டல் நடுகைக்கு நிதி தருவோரிடமும் அதை மேற்பார்க்கும் திணைக்களங்களிடமும் கேட்பது ஒன்றே: எத்தனை நாற்று என்ற பத்திக்கு அருகே இன்னும் இரண்டு பத்திகளைச் சேருங்கள். பத்தாவது ஆண்டில் எத்தனை இனங்கள் நிற்கின்றன? பழைய கண்டலில் விழுந்த அடிமரங்களில் எத்தனை அகற்றப்படாமல் இருக்கின்றன? இந்த இரண்டும் நிரப்பப்படாத அறிக்கைக்கு அடுத்த தவணைப் பணம் கொடுக்க வேண்டாம்.